பாசிப்பச்சை வண்டியும் இடது கதவும்

மார்ச் 3, செவ்வாய்

காலை டிரிப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஒரு சண்டை, ஒரு வாந்தி, ஒரு ஷூ காணவில்லை. எல்லோரையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, பஸ்ஸை நிழலில் நிறுத்தி, தண்ணீர் குடித்துக்கொண்டே போனைத் திறந்தேன். விளம்பரம் இன்னும் இருக்கிறது. இரண்டே இருக்கை, திறந்து மூடும் துணிக்கூரை, பாசிப்பச்சை நிறம், பன்னிரண்டு வயது. ஸ்போர்ட்ஸ் கார். விற்பவர் ஒரு டாக்டர்.

ஒன்பது நாளாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் இதென்ன கிறுக்கு என்று என்னை நானே கேட்டும் ஆயிற்று. மத்தியானம் போன் செய்துவிட்டேன். சனிக்கிழமை வரச் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

சொல்லிவிட்டேன். இவர் நூலக வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே கொட்டிவிட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"மழை பெஞ்சா?"

கூரை மூடும் என்றேன்.

"அப்ப சரி."

அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாதம் அத்தனையும் வீண். சேமிப்பு என்னுடையது, ஆசையும் என்னுடையது, அவர் தலையிட மாட்டாராம். ஆனால் வண்டியை விவரம் தெரிந்தவர் ஒருவர் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பேச்சே எடுக்க வேண்டுமாம். நியாயம்தான்.

மார்ச் 7, சனி

எழுதக் கை ஓடவில்லை. ஓட்டிவிட்டேன்.

டாக்டர் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர். உயரமான மனிதர், நிமிர்ந்த பேச்சு. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, முதுகைத் தொட்டுக் காட்டினார். ஏறுவது சுலபமாம், இறங்கும்போதுதான் காலைக் கையால் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கிறதாம். அவர் மனைவி கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டியில் உட்கார்ந்ததும் தொட்டி நிரம்பி வழிந்தது, அவர் கவனிக்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் நான் மாடியில் உட்கார்ந்த மாதிரி இருப்பேன். ஊரே கீழே தெரியும். இதில் தரையோடு தரை. பக்கத்தில் வந்த லாரியின் சக்கரம் என் காதருகில் சுற்றியது. மூன்றாவது கியரில் வளைவு எடுத்தபோது வண்டி சாயவே இல்லை. சாய்ந்தது என் மனசுதான்.

இறங்கியதும் டாக்டர் பெருமையாகச் சொன்னார்: "பன்னண்டு வருஷமா என் கை மட்டும்தான் பட்டிருக்கு. ஒரு இடி கிடையாது, ஒரு கீறல் கிடையாது."

மெக்கானிக்கிடம் காட்டலாமா என்றேன். தாராளமாக, அவரே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்.

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் பள்ளி பஸ்களைப் பார்க்கிற மெக்கானிக்கை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் டார்ச் இருக்கும். டாக்டர் வண்டியை அவரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சாயங்கால டிரிப் முடித்து நான் போனபோது வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலி.

கிளட்ச் தேய்ந்துவிட்டது. டயர் நான்கும் பார்வைக்குப் புதுசு, ஆனால் பக்கவாட்டில் அச்சடித்த தேதி ஏழு வருடத்துக்கு முந்தையது, ரப்பரில் மயிரிழை வெடிப்பு. ரேடியேட்டர் குழாயில் துளித்துளியாகக் கசிவு. இன்ஜின் தங்கம் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

வண்டியை இறக்கியதும் வலது கதவை விரலால் தட்டினார். டங் என்றது. இடது கதவைத் தட்டினார். தொப்.

"பள்ளத்துல பட்டி பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க அக்கா. இந்தக் கதவும், பின்னாடி ஒரு முழமும். பழைய வேலை, நல்ல வேலை. அடிச்சட்டம் நேராத்தான் இருக்கு, அளந்துட்டேன்."

அப்படியானால் பயமில்லையே என்றேன்.

"வண்டியால பயமில்ல. இடியே இல்லன்னு சொன்னாரே, அதான் இடிக்குது."

மார்ச் 11, புதன்

நாள் முழுக்கக் காதில் தொப்.

மார்ச் 12, வியாழன்

போகாமலே இருந்திருக்கலாம்.

டார்ச் எழுதிக்கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போனேன். கிளட்ச், டயர், கசிவு, மூன்றுக்கும் தலையாட்டினார். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். நான்காவதாகக் கதவைச் சொன்னேன். எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகத்தான் சொன்னேன். மனுஷன் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

இல்லை, கதவு தொப்பென்கிறது என்று மட்டும்தான் சொல்கிறேன் என்றேன். விலையைக் குறைக்க மெக்கானிக்கும் நானும் சேர்ந்து கதை கட்டுவதாகச் சொன்னார். கதை கட்டுகிறேனா? நானா? இருபத்தி ரெண்டு வருஷம் ஊர்ப் பிள்ளைங்கள நம்பி என் கையில கொடுத்திருக்காங்க, என்னைப் பார்த்து — போய்யா, நீயும் உன் வண்டியும்!

இதெல்லாம் மனசுக்குள். வாய் என்னவோ, "சரிங்க டாக்டர், வர்றேன்" என்றது. அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நேற்று நடந்ததை ராத்திரியே இவரிடம் கொட்டிவிட்டேன். நூலகத்திலிருந்து கார் படப் புத்தகம் ஒன்று எடுத்துவந்து மேஜையில் வைத்திருக்கிறார். திறக்கவில்லை நான். கொஞ்சம்தான் திறந்தேன்.

மார்ச் 16, திங்கள்

மத்தியானம் பஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண். எடுத்தால் டாக்டரின் மனைவி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"உங்க மெக்கானிக் சொன்னது சரிதான். இடிச்சது நான்."

சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு வருடம் முன்னால், டாக்டர் ஏதோ மாநாட்டுக்கு வெளியூர் போயிருந்தாராம். இந்த அம்மாவுக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் இந்த வண்டியை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்க மாட்டாராம். சாவி ஆணியில் தொங்கியதாம். எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய் மூன்று சுற்று சுற்றியிருக்கிறார். தலைமுடி பிரிந்து பறந்ததாம். அந்தச் சந்தோஷத்திலேயே திரும்பி வந்து, சந்தோஷத்திலேயே வாசல் தூணில் இடித்துவிட்டார். டாக்டர் ஊர் திரும்புவதற்கு நாலு நாள் இருந்தது. நல்ல பட்டறையாகப் பார்த்து, கையிலிருந்த வளையலை விற்று, சரி செய்துவிட்டார்.

"அவர் உங்ககிட்ட பொய் சொல்லல. அவருக்குத் தெரியாது. நல்ல மனுஷன பொய்யன் மாதிரி நிக்க வச்சுட்டேன், நாலு நாளா தூக்கமில்ல. நீங்க வண்டிய வாங்கிக்கோங்க. ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இப்போது வண்டி நல்ல வண்டி என்று எனக்குத் தெரியும், அது எப்படித் தெரியும் என்று யாரிடமும் சொல்ல முடியாது. இவரிடம்கூட.

ஆனால் ஏரிக்கரை மூன்று சுற்று. நினைக்க நினைக்கச் சிரிப்பு. சாயங்கால டிரிப் முழுக்கச் சிரித்தேன், முன் இருக்கைப் பெண் என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

மார்ச் 18, புதன்

யோசித்துப் பார்த்தேன். கதவை வைத்து இன்னும் விலை குறைக்கலாம், அவர் அசைந்தாலும் அசைவார். ஆனால் அந்த அம்மா குரல் காதில் இருக்கும்போது என்னால் அந்தக் கதவைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. வண்டி வேண்டுமா? வேண்டும். அப்படியானால் நான்தான் இறங்கிப் போக வேண்டும். போனேன் என்றால் அவர் சொன்னது சரி, நான் கதை கட்டினேன் என்று ஆகிவிடுமே. ஆகட்டும். டார்ச்சுக்கு மட்டும் மனசுக்குள் ஒரு மன்னிப்பு.

மார்ச் 21, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கூடத்தில் உட்காரச் சொன்னார், ஆனால் அவர் உட்காரவில்லை. நான் ஒத்திகை பார்த்தபடி ஆரம்பித்தேன்: கதவு விஷயத்தை விட்டுவிடுகிறேன், அந்த மூன்று செலவை மட்டும் கழித்துக்கொண்டு மீதிக்கு முடித்துக்கொள்ளலாம். இவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். இவருக்குக் காரணம் தெரியாதே.

டாக்டர் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு சின்னக் காந்தம்.

"நேத்து சாயங்காலம் வண்டி பூரா வச்சுப் பார்த்தேன். எல்லா இடத்துலயும் ஒட்டுது. அந்தக் கதவுல நடுவுல வச்சா விழுந்துடுது, தகரத்துக்கு மேல பட்டி. உங்க மெக்கானிக் சொன்னது உண்மை. என்னமோ நடந்திருக்கு, எனக்குத் தெரியாம. உங்களப் பேசினது தப்பு."

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இடித்துவிட்டு மறைத்திருப்பார்கள், திங்கட்கிழமை போய் அவர்களை ஒரு கை பார்க்கிறேன் என்றார். அப்போது அவர் மனைவி டீத் தட்டோடு வந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தட்டு மேஜையில் இறங்கும் சத்தம்.

"சர்வீஸ்காரங்கள எதுவும் சொல்ல வேணாம். நான்தான் இடிச்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாநாடு, சாவி, ஏரிக்கரை, தூண், வளையல். நிறுத்தாமல், பாடம் நடத்துவது போல. டாக்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். போச்சு, ஒரு காருக்காக ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"எந்தத் தூண்?" என்றார் கடைசியில்.

"இடது பக்கத் தூண்."

"விரிசல் விட்டுச்சே, அதுவா?"

"அதேதான்."

"கலவை சரியில்லன்னு அந்த மேஸ்திரிய வரவழைச்சு அரைமணி நேரம் திட்டினேனே. நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டினியே."

அந்த அம்மா மறுபடியும் தலையை ஆட்டினார், அதே மாதிரி. டாக்டருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதுகு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். இவரும் சிரித்தார். டீ ஆறிப்போனது.

அப்புறம்தான் வேடிக்கை. பேரம் தலைகீழாகிவிட்டது. கதவுக்கும் சேர்த்துக் குறைத்தே தீருவேன் என்று அவர், வேண்டாம் என்று நான். வாங்குகிறவர் ஏற்றவும் விற்கிறவர் இறக்கவுமாக ஒரு பேரத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் இவர். கடைசியில் அந்த அம்மாதான் நடுவில் ஒரு தொகையைச் சொல்லி, "இதுக்கு மேல ரெண்டு பேரும் பேசக்கூடாது" என்றார். பேசவில்லை.

வெளியே வந்ததும் இவர் கேட்டார், உனக்கு முன்னாலேயே தெரியும்தானே என்று. டீதான் ஆறிப்போச்சு என்றேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

மார்ச் 28, சனி

பெயர் மாற்றி, சாவி கைக்கு வந்து, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இதுவரை மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

புது கிளட்ச். கியர் வெண்ணெயாக விழுகிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

இவரை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம். கூரையைத் திறந்ததும் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். வேகமாகப் போகிறேனா என்றேன். "நீ போ, நான் கண்ண மூடிக்கிறேன்" என்றார். திரும்பி வரும்போது கண் திறந்திருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

வண்டியை ஒரு தடவை ஓட்ட வருகிறீர்களா என்று போன வாரமே கூப்பிட்டுக் கேட்டிருந்தேன். முதலில் ஐயோ என்றார், அப்புறம் எத்தனை மணிக்கு என்றார். இன்று காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் தயாராக நின்றார் டாக்டரின் மனைவி, தலைமுடியை இறுகப் பின்னிக்கொண்டு. "பத்திரம்" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

முதல் இரண்டு தெரு உருட்டினார். ஏரிக்கரை ஏறியதும் கியர் மாற்றிய கை, ஒரே ஒரு தடவை ஓட்டிய கை மாதிரியே இல்லை. வளைவுகள் அத்தனையும் நினைவில் இருந்தன. எட்டு வருடமாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்திருப்பார் போல.

எனக்குத்தான் கை கால் எங்கே வைப்பது என்று புரியவில்லை. இல்லாத பிரேக்கை மிதித்தேன், இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னை வைத்து யாராவது ஓட்டியிருக்கிறார்களா? நினைவில்லை. இரண்டாவது சுற்றில் கால் சும்மா இருக்கப் பழகியது. மூன்றாவது சுற்றில், வேறு வேலை இல்லாததால், இரண்டு கைகளையும் மேலே காற்றில் நீட்டினேன்.