டேப்பில் இல்லாத கித்தார்

இதனால் ஊரார் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று மாலை சொல்தா மாமாவின் டேப் ரிக்கார்டரைத் தூசி தட்டித் திறந்தபோது, உள்ளே குடியிருந்த கரப்பான் பூச்சியொன்று குடும்பத்தோடு வெளியேறியது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனதைவிடச் சத்தமில்லாமல் போனது.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நேற்று யாரும் சிரிக்கவில்லை. எதிரே உன் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். நீ விஷக் காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகிறது. "எம் புள்ள வாசிச்சது அதுல இருக்காமே. ஒரு தடவ கேக்கணும்" என்று அவர்களாகவே வந்திருந்தார்கள்.

நமக்கு நாம் வைத்த பெயர் கடற்கரை கானக் குழு. ஊர் வைத்த பெயர் கடற்கரைக் கரைச்சல் குழு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோன் வரை போய்வந்த சொல்தா மாமா கொடுத்த கித்தார் உனக்கு. ஜமாலுக்கு அவன் வாப்பா கப்பலில் கொண்டுவந்த அக்கார்டியன். எனக்குக் கல்யாண பேண்டுக்காரர்கள் கழித்துப்போட்ட டிரம். மொத்தமாக நாம் பதிவு செய்தது ஒரே ஒரு பாட்டு. அதன் தொடக்கத்தில் வரும் டிரம் அடியைப் பற்றித் திருநள்ளாறு வரை போய்ப் பீற்றிக்கொண்டவன் நான். "அது பீரங்கி இல்ல, நாந்தான்!"

டேப் சுழன்றது. டிரம் முழங்கியது, அக்கார்டியன் இழுத்தது, பாட்டு முடிந்தது.

"கித்தார் எங்கடா?" என்றார்கள் உன் அம்மா.

ஜமால் தலையைக் குனிந்துகொண்டான். "அதுல இல்லீங்கம்மா. பாட்டு ஆரம்பிக்கறப்பவே எந்திரிச்சுப் போய்ட்டான். அப்புறமா வயித்து வலின்னான்."

"வயித்து வலியா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு தின்னானே! எங்க போனான்? யாரோட போனான்? எல்லாருமா சேந்து எதையோ மறைக்கிறீங்க."

நீ சினிமாவுக்கு ஓடியிருப்பாய் என்பது மாமாவின் சந்தேகம். வேறு பேண்டு செட் உன்னை வளைத்துப் போட்டிருக்கும் என்பது ஜமாலின் சந்தேகம். நானும் என் பங்குக்கு, "யாராச்சும் டேப்ப அழிச்சிருப்பாங்க" என்று துப்பறிந்தேன். உன் அம்மா என்னையே பார்த்தார்கள். போனவன் பேரில் இப்படி ஒரு சந்தேகத்தை ஏற்றி அவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

பதிவு செய்த அந்த நாள் நினைவிருக்கிறதா? மைக் ஒன்றுதான். டிரம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும் என்று மாமா என்னைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளி, கதவை ஒருக்களித்து வைத்தார். "ஒரே தடவதான். நடுவுல நிறுத்த மாட்டேன்" என்றார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு குனிந்தவர் அப்புறம் நிமிரவே இல்லை. ஜமால் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவன். மாமா கையசைத்ததும் முதல் அடி நான் அடிக்க வேண்டும். அசைத்தார், அடி விழவில்லை. நீ கித்தாரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாய். அங்கே டிரம் இருந்தது, நான் இல்லை.

ஒரே தடவதான் என்றதில் பயந்துபோய், வேலியைத் தாண்டி ஓடியிருந்தேன். சந்திலிருந்து எட்டிப் பார்த்தபோது என் குச்சிகளைப் பிடித்து நீ அடித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். பாட்டு முடிந்து நான் திரும்பி வந்து டிரம் பக்கத்தில் நின்றபோது, வயிற்று வலி என்று பழியையும் நீயே சுமந்தாய். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? என்றைக்காவது மொத்தமாக மானத்தை வாங்கத்தான் காத்திருக்கிறாய் என்று ஒரு வருடமாக உன்னைச் சந்தேகப்பட்டேன். உன் காய்ச்சலின்போது பார்க்க வந்ததுகூட, உளறலில் சொல்லிவிட்டாயா என்று வேவு பார்க்கத்தான். நீ தண்ணீர்தான் கேட்டாய்.

நேற்று சொல்லிவிட்டேன். "அந்த டிரம் அடிச்சது அவந்தாம்மா."

"அப்ப நீ?"

"வேலிக்கு அந்தாண்ட."

ஜமால் என்னை அடிக்கக் கை ஓங்கினான். உன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடுங்க" என்றார்கள். டேப் ரிக்கார்டரிடம் நெருங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் தலையசைத்துக் கேட்டார்கள்.

இன்று காலை கொல்லையில் தனியாக உட்கார்ந்து அந்தத் தொடக்கத்தை அடித்துப் பார்த்தேன். டிரம் வித்துவான் என்று ஊரெல்லாம் சொன்னவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: நாலாவது அடியில் தவறுகிறது. அன்று ஓடாமல் இருந்திருந்தாலும் எனக்கு அது வந்திருக்காது.