பத்து மணிக்கு நான் உன் டீச்சர்

டெக்லன்,

வகுப்புக்கு கிளப் ஹாலைத் திறக்கணும், அதனால முன்னாடியே கிளம்பறேன். ஃப்ரிட்ஜ்ல ஹாம் சாண்ட்விச் இருக்கு. அது மத்தியானத்துக்கு, கார்லயே தின்னு தீர்த்துடாதே.

"பதினஞ்சு வருஷம் ஹர்லிங் மட்டையும் பந்துமா ஆடினவனுக்கு கோச்சிங் வகுப்பு எதுக்குடி?"ன்னு நேத்து குதிச்சியே. சர்டிபிகேட் இல்லாம இனிமே பசங்க பக்கமே நிக்க முடியாதுன்னு கிளப்ல சொல்லியாச்சு. பாடம் எடுக்கிறது நான்ங்கறது உன் தலையெழுத்து. அங்கே நான் உன் பொண்டாட்டி இல்லை. கடைசி வரிசையில உக்காந்து கொட்டாவி விடாதே.

முதல் பாடம் இப்பவே சொல்லிடறேன்: குழந்தையை முதல்ல பாராட்டு, அப்புறம் திருத்து. நேத்து பாத்திரம் ரொம்ப நல்லாத் தேய்ச்சே. அடிப்பிடிச்ச சட்டியை மட்டும் சிங்குக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கே.

உன் மக ஏடீனையும் எழுப்பிக் கூட்டிட்டு வா. அவ பந்தை விட்டுட்டான்னு ஞாயித்துக்கிழமை மைதானமே அதிரக் கத்தினியே, அன்னிலேருந்து அவ மட்டையைத் தொடலை.

நோரின்

சொல்ல மறந்துட்டேன். மத்தியானம் ஒரு பயிற்சி இருக்கு. பந்தைப் பிடிக்கத் தெரியாத ஏழு வயசுக் குழந்தையா ஒருத்தர் நடிக்கணும். உன் பேரைக் கொடுத்திருக்கேன்.

கோச்சா நிக்கப் போறது ஏடீன். கத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கேப்பாளோ என்னவோ, உன் ரத்தமாச்சே.