தீவுச் சனத்தின் கண்ணாடி

அன்று நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். சிதம்பரத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வின்சென்ட். அவன் அம்மா ஞானம்மாள். அவன் அக்கா புருஷன் டேவிட். இந்தப் பக்கம் உன் அம்மா ரெஜினா, உன் அத்தை செசிலி, உன் அப்பா அருளப்பன். சுவரோரம் நான், உன் அப்பனைப் பெற்ற ஆயா. காபித் தட்டோடு நடுவில் நீ. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் காபியைப் பாதியில் வைத்தார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. மறக்கிற புத்தியை ஆண்டவர் எனக்குக் கொடுக்கவில்லை.

இன்று காலை அரிசி அரைக்க மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருத்தி பேரப்பிள்ளைக்குக் குளியல் பொடி அரைத்துக்கொண்டிருந்தாள். பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கூடவே கார்போக அரிசி என்கிற கறுப்பு விதை. அந்த விதையின் வாசனை வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் உன் கழுத்திலும் கையிலும் உதட்டோரத்திலும் நான் தேய்த்த எண்ணெயின் வாசனை அது. அரிசியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதை உன் நோட்டிலேயே, நீ எழுதாமல் விட்ட கடைசிப் பக்கங்களில், எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். நீ இருந்தால் ஒவ்வொரு வரியிலும் வட்டம் போட்டுத் தப்பு காட்டுவாய்.

கடல் உள்ளே வந்த வருஷம்தான் உன் உதட்டோரம் முதல் வெள்ளைத் திட்டு வந்தது. எட்டாவது படித்தாய். தெருவில் அதற்கு என்ன பேர் சொன்னார்கள் என்று நான் இங்கே எழுத மாட்டேன். சொன்ன ஒவ்வொருத்தியும் எனக்கு ஞாபகம். அப்போது டிவியில் தமிழில் பேச வைத்த இங்கிலீஷ் படம் ஒன்று ஓடியது. மனுஷரே இல்லாத ஏதோ ஒரு சனம், காது மட்டும் கூராக, பால் போல வெள்ளையாக வந்து நின்றார்கள். எல்லாரும் அழகு அழகு என்றார்கள். அவர்களோடு சண்டைக்கு வந்த இன்னொரு சனம் கறுப்பு, உடம்பெல்லாம் திட்டு. அது அசிங்கமாம். நீ தட்டை வைத்துவிட்டு எழுந்தாய்.

"ஆயா, மனுஷனே இல்லாத சனத்துக்கும் நம்ம ஆளுங்க பாக்குற அழகுதானா? அவுங்களுக்குன்னு ஒரு கண்ணு இருக்காதா?"

"எனக்கு என்னாடி தெரியும்? நான் கூடையில கருவாடு வித்தவ."

"உன்னயத்தான் கேக்குறேன். கண்ணே இல்லாத ஒரு சனம் இருந்தா, அவுங்க யார அழகுன்னு சொல்லுவாங்க?"

யோசித்தேன். என் மாமியார் என்னை அடுப்படிக்குள் விடாத நாளெல்லாம் நினைவு வந்தது. உடம்பெல்லாம் கருவாட்டு நாத்தம் என்பாள். அவள் செத்தும் எனக்கு ஆறவில்லை. "மோப்பம் புடிச்சித்தான் சொல்லுவாங்க" என்றேன். "அந்த ஊர்ல கருவாட்டுக்காரிதான் ராணி."

நீ சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அன்றே எழுத ஆரம்பித்தாய். கோடு போட்ட நீள நோட்டு. வாங்கித் தந்தது உன் அப்பன்.

கல் சனத்துக்கு விரிசல்தான் அழகு என்று எழுதினாய். விரிசல் விழாத பெண்ணை அங்கே யாரும் கேட்டு வர மாட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "மழ உள்ள எறங்குனாதான் ஆயா கல்லு மேல செடி மொளைக்கும். செடி இல்லாத கல்லு மலடு." எதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாய். அவர்கள் பிழைக்கிற பிழைப்பிலிருந்துதான் அழகு வர வேண்டும், சும்மா அழகு என்று ஒன்று கிடையாது என்பாய். சேற்றுச் சனத்தைக் கிள்ளை ஊர்ப் பக்கத்துக் கழிமுகத்தில் குடிவைத்தாய். தண்ணீர் ஏறி இறங்கி அவர்கள் காலில் கோடு கோடாகச் சேறு படியும். கோடு ஜாஸ்தி உள்ளவன்தான் பேரழகன். எத்தனை வெள்ளத்தில் நின்றவன் என்று கால் சொல்லிவிடும். கால் சுத்தமாக இருக்கிற பையனைப் பார்த்துப் பாவம் என்பார்கள்.

அந்தக் கால் உன் அப்பனுடைய கால். படகு எஞ்சின் ரிப்பேருக்கு உப்பனாற்றில் முட்டிவரை நின்றுவிட்டு வருவான். நீ வாசலில் உட்கார்ந்து அவன் காலைப் பார்த்து வரைவாய். அவனும் கழுவாமல் காத்திருப்பான்.

"என்னாம்மா, உன் சனம் இன்னைக்கு என்னா பண்ணுது?" இதுதான் வீட்டுக்குள் வரும்போது அவன் கேட்கும் முதல் கேள்வி. "சேத்துச் சனத்து ராசாவுக்குக் காப்பி போடச் சொல்லு."

கடைசியாகத்தான் தீவுச் சனத்தை எழுதினாய். உடம்பில் திட்டுத் திட்டாக வெள்ளை. ஒவ்வொரு திட்டும் ஒரு தீவு, ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. பெண் பார்க்க வருகிறவன், எந்தத் தீவில் இறங்க எனக்கு இடம் தருவாய் என்று கேட்க வேண்டும். அவள் காட்டின தீவின் பேரை அவன் சாகும்வரை மறக்கக் கூடாது. உன் இடது கையில் இருந்ததற்கு என் பேரை வைத்திருந்தாய்.

நோட்டின் முதல் பக்கத்தில் எல்லாச் சனத்துக்கும் பொதுவாக ஒரு சட்டம். இப்போதும் அதை எழுத்துக் கூட்டாமல் படிக்கிறேன். "ஒரு சனத்தின் கண்ணாடியில் இன்னொரு சனம் முகம் பார்க்கக் கூடாது." அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருஷம் நிமிர்ந்து நடந்தாய். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பில் ஒருவன் திட்டுக்கு மருந்து தருகிறான், உள்ளுக்கும் மேலுக்கும், என்று செசிலி எத்தனையோ தடவை சொன்னாள். "எனக்கு நோவு இருந்தாத்தான அத்தை மருந்து?" என்று வாயை அடைத்துவிடுவாய்.

2011இல் அந்தச் சம்பந்தம் வந்தது. சின்னத் திட்டு ஒன்று உண்டு என்று உன் அப்பன் சொல்லி வைத்திருந்தான். ரெஜினா உனக்குப் பவுடர் அப்பி, முழுக்கை ரவிக்கை போட்டுவிட்டாள். நீ கொல்லையில் போய் முகத்தைக் கழுவிவிட்டு, ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காபித் தட்டை எடுத்தாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஞானம்மாள் உன் கையையே பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"பொண்ணுக்கு வேற என்னா தெரியும்?"

தையல் தெரியும், பூ கட்டத் தெரியும் என்று ரெஜினா தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் பேத்தி ஓர் உலகத்தையே எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். அது என் கை செய்தது. மறைக்கவில்லை.

டேவிட்தான் பிரித்தான். சத்தமாகப் படித்தான்.

"மோப்ப சனத்தின் ராணி தெருவில் வந்தால் கருவாட்டு வாசனைக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அட! யாரு மாமா இது, உங்க அம்மாவா?"

ஞானம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வின்சென்ட் தரையைப் பார்த்தான். டேவிட் பக்கத்தைப் புரட்டினான்.

"சேத்துக் காலுக்காரன் பேரழகனாம். வின்சென்ட்டு, நீ ஷூவக் கழட்டிட்டு வயல்ல எறங்கு மச்சான், அப்பதான் புடிக்கும் போல!"

நீ யாரையும் பார்க்கவில்லை. உன் அப்பனை மட்டும் பார்த்தாய். நானும் அவனைத்தான் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது என் கால் என்று சொல்லியிருந்தால் போதும்.

அவன் சிரித்தான். அவர்களைவிடப் பலமாக, தொடையில் தட்டிச் சிரித்தான்.

"சின்னப் புள்ளையிலேந்து இப்புடித்தாங்க கிறுக்கிக்கினு இருக்கும். அர்த்தம் ஒண்ணும் கெடையாது. கல்யாணம் ஆனா தூக்கிப் போட்ருவா."

சம்பந்தம் கைவிட்டுப் போகக் கூடாது என்று சிரித்தான். எனக்கும் தெரியும். நீ காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். போகும்போது மடித்த ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாய். திட்டு மறையட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். மறுநாள் காலையில் நீயே கேட்டாய், "அந்த மருந்த வாங்கியாங்க" என்று.

நாற்பத்தெட்டு நாள் என்றான் தோப்புக்காரன். கார்போக அரிசி எண்ணெயைத் தேய்த்து வெயிலில் உட்கார வேண்டும். உள்ளுக்கு ஒரு கறுப்புக் கஷாயம். வெயிலில் தீவெல்லாம் கொப்புளமாக வெடித்தது. ஒரு முனகல் இல்லை. வேண்டாம் கண்ணு என்று நான் சொன்னபோது, தேய் ஆயா என்றாய். தேய்த்தேன். முப்பத்தைந்தாம் நாள் உன் கண் மஞ்சளாகியிருந்தது.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து உன்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

"மஞ்ச சனம்னு ஒண்ணு எழுதலியேடி நீ. அவுங்களுக்கு எது அழகு, சொல்லு?"

"அதெல்லாம் பொய்யி ஆயா."

"ஏன் அப்புடிச் சொல்ற? சட்டம் போட்டவளே நீதான்."

"அப்பாவே சிரிச்சிட்டாரு. அப்ப அது பொய்தான்."

அதற்குப் பிறகு நீ அந்த உலகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உன் கையில் என் பேர் வைத்த தீவைத் தேடினேன். மஞ்சளுக்குள் கரை தெரியவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

உன் அப்பன் இப்போது ஆற்றிலிருந்து வந்ததும் வாசலிலேயே காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான். போன மாதம் என் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, அந்த நோட்டு ஒன்கிட்டதான இருக்குது? ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துர்றேன்."

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன். அர்த்தம் இல்லாததுன்னு நீதானப்பா சொன்ன."

அழுதான். பார்த்துக்கொண்டே இருந்தேன். நோட்டு என் கருவாட்டுக் கூடைக்குள், பழைய புடவைக்கு அடியில் இருந்தது.

மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், ஒருவனை மன்னிக்க முடியவில்லை என்று சொன்னேன். மன்னித்துவிட்டுத்தான் பூசையில் நன்மை அப்பம் வாங்க வர வேண்டும் என்றார். அதனால் நான் போவதில்லை. பூசையில் எல்லாரும் வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீ இருக்கிற இடத்துக்கு நான் வர முடியாமல் போகலாம். அது தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் சட்டத்தை வைத்து எல்லாரையும் நிறுத்துப் பார்த்துவிட்டேன் கண்ணு. ஞானம்மாளும் டேவிட்டும் அவர்கள் சனத்தின் கண்ணாடியில் உன்னைப் பார்த்தார்கள். வேறு கண்ணாடி உண்டென்று அவர்களுக்கு யார் சொன்னது? விட்டுவிட்டேன். தரையைப் பார்த்த வின்சென்ட்டை விட்டுவிட்டேன். தோப்புக்காரனையும் செசிலியையும்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். நோட்டை எடுத்து வந்த என் கையையும், எண்ணெய் தேய்த்த அதே கையையும் நீ மன்னிப்பாய், அல்லது மன்னிக்க மாட்டாய். அது உன் பாடு.

உன் உலகத்துக்குள்ளேயே ஏழு வருஷம் இருந்தவன் ஒருவன் உண்டு. அங்கே ராசாவாக இருந்தவன். அதன் கண்ணாடியில் தினமும் தன் காலைப் பார்த்தவன். என் வயிற்றில் பிறந்தவன், இன்று எனக்குச் சோறு போடுகிறவன்.

அருளப்பன்.