பெல்ட்டுக்குப் பூசிய சவர்க்காரம்

நேற்று காரின் பத்திரங்களைத் தேடி டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தபோது ரோசாப்பூ வாசம் வந்தது. பழைய துண்டில் சுற்றியபடி, குளிக்கப் போடும் அந்த அரைச் சவர்க்காரம் கிடந்தது. ஒரு பக்கம் கறுத்து, எஞ்சின் பெல்ட்டில் தேய்த்த தடம் பள்ளமாக விழுந்திருக்கிறது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு வந்தவர்கள் எல்லாரும் என்னை அழவைத்துவிட்டுத்தான் போனார்கள். முதன்முதலாகச் சிரிக்க வைத்தது இந்தச் சவர்க்காரம்தான்.

நிந்தவூரில் சாச்சியின், அதுதான் உம்மாவின் தங்கையின், மகளுக்குக் கலியாணம். மழை விட்டிருந்த காலை. பெண்ணுக்கான தட்டு என் மடியில்: சேலை, பவுடர், அத்தர், மூன்று சவர்க்காரம். சாய்ந்தமருது தாண்டுவதற்குள் எஞ்சின் கீச்சிடத் தொடங்கியது. பள்ளிவாசலடியில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நீங்கள் காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பொனட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்து ஜன்னலில் கையை நீட்டினீர்கள்.

“ஒரு சவுக்காரம் தாங்க.”

“இது பொண்ணுட தட்டு.”

“பொண்ணுக்கு ரெண்டு போதும். காருக்கு ஒண்டு வேணும்.”

எஞ்சின் பெல்ட்டில் பூசியதும் கார் வாயை மூடிக்கொண்டது. அதோடு விட்டீர்களா? கலியாண வீட்டில் தட்டை இறக்குமுன் நேரே சாச்சியிடம் போனீர்கள். “மாமி, தட்டில ஒரு சவுக்காரம் குறையுது. காருக்குப் பூசிட்டன்” என்றீர்கள். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். இன்றைக்கும் அந்த வீட்டார் என்னைக் கண்டால், “கார் குளிச்சிட்டா?” என்றுதான் கேட்கிறார்கள். திரும்பி வரும்போது நீங்கள் சொன்னீர்கள்: “இது காருட வருத்தத்துக்கு மருந்தில்ல. வூட்டுக்குப் போய்ச் சேர மட்டும்தான்.”

விதவையாக வெளியே இறங்காமல் நான் இத்தா இருந்த மாதங்களில் காரும் என்னோடு சேர்ந்து இத்தா இருந்தது. மதிலுக்குள், கடல் காற்றில், யாரும் தொடாமல். இத்தா முடிந்ததும் என் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா, வந்து, செத்துக் கிடந்த பெட்டரிக்குத் தன் வேனிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார். அது போட்ட கூச்சலில் உள்ளே படுத்திருந்த உம்மா எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

“எஞ்சின் போயிட்டு புள்ள,” என்றார் காக்கா. “மச்சானும் இல்ல. நடு றோட்டுல நிண்டா ஆரு வாற? வித்துருவம்.”

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். உம்மாவைக் கல்முனைக்குக் கிளினிக் கொண்டுபோவது, நிந்தவூருக்கு ஒரு நடை போய்வருவது எல்லாம் நானே அந்தக் காரை ஓட்டித்தான். இனி ஒவ்வொரு பயணத்துக்கும் யாராவது வந்து ஏற்றிப் போகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அதுதான் பயம். உங்களோடு கோபமும் வந்தது. காலையில் நெஞ்சு நோகிறது என்றீர்கள், லுஹர் தொழுகைக்கு முன் போய்விட்டீர்கள். காரின் பழுது பற்றி ஒன்றும் சொல்லித்தராமல் என்னை இப்படி விட்டுவிட்டாரே என்று இத்தா நாளெல்லாம் மனதுக்குள் உங்களைத் திட்டியிருக்கிறேன்.

கார் வாங்குகிறவர் இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வருவதாக இருந்தது. நேற்றுப் பத்திரம் தேடியது அதற்குத்தான். என் கையில் சவர்க்காரத்தைக் கண்டதும் காக்காவுக்கு ஒரு யோசனை.

“வாறவருக்கு முன்னால இதக் கொஞ்சம் பூசி உடுவமா? சத்தம் கேக்காது.”

அவர் கெட்ட மனிதரில்லை, உங்களுக்கே தெரியும். தங்கச்சிக்கு நல்லது நடக்கட்டும் என்று சொன்னார். ஆனால் எனக்கு, கலியாண வீட்டில் சாச்சிக்கு முன்னால் நீங்கள் நின்ற நிலை கண்ணுக்குள் வந்துவிட்டது. ஒரு சவர்க்காரம் குறைந்ததை மறைக்காத மனிதரின் காரை, அதே சவர்க்காரத்தால் மறைத்து விற்பதா?

“குறைய மறைச்சு விக்கேலா காக்கா. என்ன குறையெண்டு தெரிஞ்சாத்தானே அவருக்குச் சொல்லலாம். முதல்ல பாப்பம்.”

“ஆரு பாக்குற?”

“நான்தான்.”

காக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

விடுமுறைக் காலைகளில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் பேசுவீர்களே, நான் கோப்பையோடு பக்கத்தில் நிற்பேனே. உங்கள் பாடத்தைக் கேட்கவா நின்றேன்? தேத்தண்ணி ஆறுகிறதே என்றுதான் நின்றேன். ஆனாலும் காதில் விழுந்தது போகவில்லை. “தண்ணி பட்டுச் சத்தம் கூடினா பெல்ட் வழுக்குது. தண்ணிக்கும் மாறாமக் கத்தினா உள்ளுக்குப் பேரிங் போயிட்டு.”

காக்காவை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். சத்தம் கூடியது. அந்தக் கூச்சலைக் கேட்டு மகிழ்ந்தவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். தொட்டில் கயிறு மாதிரித் தொய்ந்தது. டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்பக்கம் கண்ணாடியாக வழவழத்து, குறுக்கே வெடித்திருந்தது. பெல்ட் ஓடும் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினேன். கரகரப்பு இல்லை, ஆட்டம் இல்லை. பேரிங் எல்லாம் சுகம். சும்மா நின்ற மாதங்களில் உப்புக் காற்றுக்குச் சக்கரப் பள்ளத்தில் துரு ஏறியிருந்தது, அவ்வளவுதான். நான் அதைத் தேய்த்து எடுப்பதற்குள் காக்கா பழைய பெல்ட்டைக் கல்முனைக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதிது வாங்கி வந்தார்.

அவர் இரும்புக் கம்பியால் டைனமோவை வெளியே நெம்பிப் பிடிக்க, நான் ஸ்பெனரால் முடுக்கினேன்.

“இன்னும் இறுக்குவமா?” என்று கேட்டார்.

“வேணாம். கூட இறுக்கினா பேரிங்கத் திண்டுரும்.”

சொன்னது என் வாய். கதை உங்களுடையது.

ஸ்டார்ட் செய்தோம். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தோம், அப்போதும் கீச்சில்லை. காக்கா கம்பியோடு அப்படியே நின்றார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

அல்ஹம்துலில்லாஹ் என்று படியில் உட்கார்ந்தேன். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த நெல்மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

“அப்ப வாறவருக்கு என்ன சொல்ற?”

“கார் விக்கிறல்லயெண்டு இப்பவே கோல் எடுத்துச் சொல்லிருங்க. பாவம், வீணா அலைய வேணாம்.”

காக்கா அங்கேயே நின்று கோல் எடுத்தார். மிச்சப் பகலில் அவரே காரைக் கழுவியும் தந்தார்.

இன்று உம்மாவை ஏற்றிக்கொண்டு நிந்தவூருக்குப் போய்வந்தேன். சாய்ந்தமருதுப் பள்ளிவாசலடியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. “சத்தத்தக் காணல்லியே, கார் ஓடுதா?” என்று உம்மா இரண்டு தரம் கேட்டார்.

நேற்று அஸர் தொழுகைக்குக் கை, முகம் கழுவி வுழுச் செய்யப் போனபோது பெருவிரல் கறுப்புப் போகவில்லை. உங்கள் சவர்க்காரத்தைத்தான் எடுத்துத் தேய்த்தேன். நுரையோடு ரோசாப்பூ வாசம் எழும்பியபோது என் கோபத்தை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லித்தரவில்லை என்றேனே. தேத்தண்ணி ஆறிய அத்தனை காலையிலும் நீங்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். நான்தான் அதை ஆறிப்போன தேத்தண்ணிக் கணக்கில் எழுதிவிட்டேன்.

மிச்சச் சவர்க்காரத்தைக் காயவைத்து, அதே துண்டில் சுற்றி, அதே இடத்தில் வைத்திருக்கிறேன். பெல்ட் புதிதுதான். ஆனாலும் இருக்கட்டும், வூட்டுக்குப் போய்ச் சேர வேணுமே.