இளவரசர் பூட்ஸைக் கழற்றிய இடம்

டிச. 30, வெள்ளி. கராமா, துபாய்

காலையில் பனிமூட்டம். எதிர்க் கட்டடத்தைக் காணோம். அதில் காயும் லுங்கிகள் மட்டும் வானத்தில் தொங்கின. குளியலறை வரிசையில் நாம் நாலாவது. எந்தச் சக்கரவர்த்தியும் வாளியோடு இவ்வளவு பொறுமையாக நின்றதில்லை.

லீவு கிடைத்துவிட்டது. நாற்பது நாள். டிக்கெட் ஜன. 16. தலையணை உறைக்குள் பத்திரம். அறையில் உள்ள ஐந்து பேரிடமும் சொன்னது: "லீவு மாஃபி," அதாவது கிடையாது.

இங்கே மட்டுமாவது உண்மை. ஜன. 20 தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். மச்சான் மவுத்தாகி ஆறு வருஷம். பந்தல் வாசலில் நின்று ஆட்களை அழைக்க நாம்தான். ஆனால் ஒன்பது வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை; கேசட்டில் பேசித்தான் அனுப்புகிறோம். முதல் கேசட்டில் மேனேஜர் ஆனோம். (உண்மையில், கப்பலுக்குக் கயிறு, பெயிண்ட், டின் மீன் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்கீப்பர்.) இரண்டாவதில் கடல் பார்த்த வீடு. ஐந்தாவதில் தோட்டம், அதில் மான். மாடிமேல் மாடியாகக் கட்டினோம், இறங்கப் படி வைக்க மறந்தோம்.

ஜன. 1, ஞாயிறு

ஸ்டோரில் பழைய கப்பல் ஒன்றின் கழிவுச் சாமான். அதற்குள் அட்டையில்லாத இங்கிலீஷ் புத்தகம். கடல் தண்ணீர் குடித்து கடைசித் தாள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. பாலினேசியத் தீவு ஒன்றின் இளவரசர் கதை. படம் உண்டு: தொப்பி, கோட்டு, பூட்ஸ். முகம் மட்டும் யாரோ திட்டிவிட்டதுபோல.

அகராதி வைத்து இதுவரை புரிந்தது: வெள்ளைக்காரன் போர்க்கப்பல் வருகிறது. தீவின் ராஜா ஒரு காகிதத்தில் விரல் பதிக்கிறார். தீவு போகிறது. பத்து வயது மகனை "விருந்தாளியாக" கப்பலில் ஏற்றுகிறார்கள். வெறுங்காலோடு ஏறியவருக்கு நடுக்கடலில் பூட்ஸ் மாட்டுகிறார்கள். கால் புண்.

சாப்பாட்டுக்குப் பின் அறையில் இதைச் சொன்னோம். சிறு திருத்தங்களோடு: கப்பலை இழுத்தது பன்னிரண்டு திமிங்கிலம்.

முருகேசன் (புதுக்கோட்டை, ஷட்டரிங் கார்பென்டர், கீழ்க்கட்டில்): "பாய், பாஸ்போர்ட்ட அப்பவே புடுங்கி வச்சிக்கிட்டானா?"

ஜன. 3, செவ்வாய்

பக்கத்து பிளாட் காதர் எட்டு நாள் லீவில் ஊர் போகிறார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன். தங்கச்சிக்கு அவரிடம் கேசட். பேசியது: "நாம் இல்லாவிட்டால் துபாயில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நிக்காஹுக்கு வர வழியில்லை." நடுவில் முருகேசன் உரக்க, "பாய், வெங்காயம் உரிங்க, இன்னிக்கு ஒங்க மொற!" டேப்பை நிறுத்தாமல் சமாளித்தோம்: "அது நம்ம சமையல்காரர்."

வெங்காயம் ஒன்றரைக் கிலோ. கண்ணீருக்குக் காரணம் கிடைத்தது.

ஜன. 6, வெள்ளி

ஜும்மா முடிந்து பிரியாணி. பிறகு புத்தகம்.

இளவரசர் இப்போது வெள்ளைக்காரன் நகரத்தில். பாதிரிப் பள்ளியில் தட்டு கழுவுகிறார். பெரிய விருந்து என்றால் மட்டும் சிவப்புக் கோட்டு மாட்டி, காட்டுவதற்கு அழைத்துப் போகிறார்கள். தாய்க்கு எழுதுவது: "ராஜாவுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது." ஊருக்குக் கப்பல் இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்கிறார்.

"ஏன் பாய்? கப்பலே வந்துருச்சே!"

"வெட்கம்டா."

"ராசாவுக்கு என்னா வெக்கம்?"

புரண்டு படுத்ததும் தலையணை உறைக்குள் டிக்கெட் சரசரத்தது.

மதியத் தூக்கத்தில் கனவு. நம் குளியலறை வரிசையில் இளவரசர், கையில் வாளி. தரை முழுக்கக் கடல், கணுக்கால் அளவு, இளஞ்சூடு. "நீங்க முதல்ல போங்க" என்கிறார். "இல்லை, நீங்க" என்கிறோம். கதவு திறந்தே கிடக்கிறது. இரண்டு பேரும் போகவில்லை.

ஜன. 12, வியாழன்

இரண்டு நாளாக எதிர்க் கட்டடம் இல்லை. பனிக்குள் பஸ் ஓடும் சத்தம், தண்ணீருக்கு அடியில் ஓடுவதுபோல.

காதர் திரும்பிவிட்டார். தங்கச்சி கேசட் கொண்டுவந்தார். எல்லாரும் டியூட்டியில் இருக்கும்போது தனியாகப் போட்டுக் கேட்டது. அவள் குரல் அப்படியே (அண்ணனுக்கு எங்கள் வீட்டில் காக்கா):

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. சமையக்காரர் முதலாளியவே வெங்காயம் உரிக்கச் சொல்றாரு, நல்ல சமையக்காரர்! ஒன்பது வருசமா ஒவ்வொரு கேசட்லயும் ஒருத்தர் கதவத் தட்டி 'பாத்ரூம் காலி'ன்னு கத்துறாரு. கடல் பாத்த வீட்டுல ஒத்த பாத்ரூமா காக்கா? நீங்க பேசுறத உம்மா கேக்குறதே இல்ல. பின்னால வர்ற சத்தத்தத்தான் கேப்பாங்க. 'எம்புள்ள தனியா இல்ல, நாலு பேரு சிரிக்கிறாங்க, தாளிக்கிற சத்தம் கேக்குது'ன்னு சொல்லிட்டுத்தான் தூங்கப் போவாங்க. எங்களுக்கு எப்பவோ தெரியும். நீங்க ஆசையாச் சொல்றீய, கேட்டுக்கிட்டோம். வாசல்ல நிக்க ஆள் வேணும் காக்கா. மேனேஜர் வேணாம்."

அப்புறம் மணப்பெண், சிரிப்பை அடக்கி: "மாமா, மானக் கூட்டிட்டு வர வேணாம். எடமில்ல."

ரீவைண்ட். மறுபடி. ரீவைண்ட். நாலாம் தடவை டேப் சிக்கிக்கொண்டது. பென்சில் விட்டுச் சுற்றினேன்.

ஜன. 13, வெள்ளி

டிக்கெட்டை எடுத்து அறை நடுவில் வைத்தேன். ஐந்து வாயும் திறந்தது.

முருகேசன்: "அட, கள்ளப் பாய்! லீவு மாஃபின்னு ரெண்டு வாரமா ஒப்பாரி வச்சீங்களே! நாலு வருசமாக் கேட்டும் எனக்கு இல்ல. கெடச்சத நீங்க தலையணைக்குள்ள வச்சுப் படுத்துருக்கீங்க!" தலையணையால் அடித்தான். அடி பலம். நியாயமான அடி.

பிறகு அவனே, "சரி, அந்த ராசா என்னா ஆனாரு?" ஒட்டிய தாள்களைச் சோற்றுப் பானை ஆவியில் காட்டினான். மசாலாக் கரண்டியின் காம்பை விட்டு மெல்லப் பிரித்தான். ஐந்து தலைகள் பானையைச் சுற்றி. பாதி எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. தெரிந்தது இவ்வளவே: மூன்றாவது கப்பலில் ஏறினார். தீவு தெரிந்ததும் படகில் இறக்கினார்கள். கரைக்குக் கொஞ்சம் முன்னால், அலை உடையும் இடத்தில், படகை நிறுத்தச் சொன்னார். உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு மை கரைந்த நீலம்.

ஜன. 16, திங்கள்

வெயில். எதிர்க் கட்டடம் திரும்பி வந்துவிட்டது, லுங்கிகளோடு.

பெட்டியில்: சேலை 4, அத்தர், டின் பால், கோடாலித் தைலம், உம்மாவுக்குப் போர்வை. புத்தகம்.

அறைக்கோட்டை எடுக்கவில்லை. நீல நிறம், மூன்று பட்டன், ஆறு பேரும் சேர்ந்து வாங்கியது. யார் லீவில் போனாலும் அதை மாட்டிக்கொண்டுதான் ஊரில் இறங்குவது. பிறகு வருகிறவர் கையில் திரும்பி வந்துவிடும். நம் எல்லாரையும்விட அதிகமாகக் கடல் தாண்டிய கோட்டு.

முருகேசன் அதை உதறிக்கொண்டு பின்னாலேயே வந்தான். "கோட்டு இல்லாம இந்த ரூம்லேர்ந்து யாரும் போனதில்ல பாய். ரூமுக்கே மானக்கேடு!"

"ஆணியில மாட்டு. அடுத்து நீ போகும்போது வேணுமானாப் போட்டுக்க."

மாட்டினான். தோளில் தூசி தட்டினான். கீழே டாக்சி ஹார்ன்.

"கரையில எறங்குன பெறகு அந்த ராசாவுக்கு என்னா ஆச்சு பாய்? அதச் சொல்லாமப் போறீங்களே."

போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.