துக்கக் கதவு திறந்த செய்தி

குவளையேரி நாடாளும் நிறைமதித் தேவியாரின் ஆணையால் அமைச்சன் காரிநம்பி வரையும் ஓலை. தாழைத்துறை நாடாளும் நெய்தலங்கோ மன்னரின் திருமுன் இது சேர்க. தங்கள் துறைகளில் மரக்கலங்கள் நிறைக. தங்கள் வயல்களில் உவர்நீர் ஏறாதிருக்க. தங்கள் மனையில் வளரும் எம் அரசியாரின் பேத்தி நோயின்றி வாழ்க.

இரு நாட்டுக்கும் நடுவே எம் ஏரியிலிருந்து ஆறு இறங்கிச் செல்லும் கணவாயில், மேலே எம் கதவும் கீழே தங்கள் கதவும் உள்ளன. அரச குடும்பத்தில் சாவு நேர்ந்தால் இரண்டையும் ஆற்றின் அடிவரை இறக்குவது முன்னோர் வழக்கம். மரச்சட்டங்களின் ஊடே நீர் மட்டும் போகும். மறுநாட்டு உறவினர் படகில் கதவுவரை வந்து துக்கம் கேட்ட பிறகே கதவுகள் உயரும்.

எம் அரசியாரின் மகளும் தங்கள் தேவியுமான இளவரசி அல்லியங்கோதை தங்கள் அரண்மனையில் மகவைப் பெற்று இறந்தபோது இரு கதவுகளும் இறங்கின. தங்கள் படகு வரும் என்று எம் அரசியார் காத்திருந்தார். வரவில்லை. தாயின் படகு வரும் என்று தாங்களும் காத்திருந்தீர் என்பதை, மலைவழி வந்த உப்பு வணிகர் சொல்லி அண்மையில்தான் அறிந்தோம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அரசியார் ஏரியைப் பார்க்கவே இல்லை. கீழாற்றிலிருந்து புதிதாக ஏறிவரும் ஆண் நீர்நாயை எம் மக்கள் மாப்பிள்ளை என்பர். அன்றைய முதல் மீனைப் பாறைமேல் அதற்கு வைப்பர். இளவரசி சிறுமியாயிருந்தபோது அந்த மீனைத் தன் கையால்தான் வைப்பாள். கதவு இறங்கியபின் எதுவும் ஏறி வரவில்லை. முட்டையிட வரும் மீன்களும் கீழேயே நின்றுவிட்டன. ஏரியில் இருந்த நீர்நாய்கள் தமக்குள்ளேயே கூடின. குட்டிகள் நோஞ்சானாகப் பிறந்தன. ஒரு கோடையில் நோய் வந்து பலவற்றைக் கொண்டுபோனது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை. இறுதியில் ஒரு பெண்ணும் அது ஈன்ற இரண்டு ஆண்களும் எஞ்சின.

கார் தொடங்குமுன் ஒரு காலையில் அரசியார் இளவரசியின் நினைவாகப் படகேறினார். அந்தப் பெண் நீர்நாய் இறந்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கதவின் சட்டங்கள்வரை நீந்திப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. அரசியார் காரணம் கேட்டார். படகோட்டிய பூவந்தி என்பவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுமாறு ஆணை.

"தாயே, அது யாரோட சேரும்? சுத்தி நிக்கிறது அது பெத்த பிள்ளைங்க. வெளியூர்லேருந்து ஒருத்தன் வரணும். கதவைச் சாத்தி வச்சுக்கிட்டு ஒண்ணும் வரலியேன்னு பாத்தா எப்படி வரும்?"

காவலன் அவளை அதட்டினான். அதற்கு அவள், "ஏரியில பேசாம வேற எங்க போய்ப் பேச? சந்தைக்குப் போகலாம்னா விக்க மீனு எங்க இருக்கு?" என்றாள். காவலனை அடங்குமாறு பணித்த அரசியார், கரை சேரும்வரை முகத்தை முந்தானையால் மூடியிருந்தார்.

அன்றே, துக்கம் கேட்பார் வருமுன்னரே, எம் கதவு உயர்ந்தது. கார்காலம் முழுவதும் அரசியார் தம் கையால் பாறைமேல் மீன் வைத்தார். காக்கைகள் தின்றன. கீழே தங்கள் கதவு இறங்கியிருக்க, எது ஏறி வரும்? மழை ஓயுமுன் அந்தப் பெண் நீர்நாய் இறந்தது. இப்போது உள்ளவை இரண்டு ஆண்கள் மட்டுமே. கீழாற்றிலிருந்து பெண்ணொன்று வந்தாலன்றி எம் ஏரியில் இனி நீர்நாய் இல்லை.

ஆகவே அரசியார் ஆணையிடுவது: எம் கதவின் சட்டங்கள் பிடுங்கப்பட்டுப் படகாக்கப்படுக. இனி எம் நாட்டில் துக்கத்திற்குக் கணவாயின் குறுக்கே வெண்துணி கட்டப்படும். அது நீரைத் தொடாது.

தங்களிடம் அரசியார் வேண்டுவது: வரும் முழுநிலாவன்று அந்தப் படகில் துக்கம் கேட்க அவரே வருகிறார். அன்று தங்கள் கதவு உயர்ந்திருக்க வேண்டும்; அதன்பின் இறங்காதிருக்க வேண்டும்.

உப்பு வணிகருக்குக் குழந்தையின் பெயர் தெரியவில்லை. எம் அரசியாருக்கும் தெரியாது. மறுமொழி ஓலையில் அதை மட்டும் எழுதினால் போதும்.

அல்லிப்பூ முத்திரை இட்டோம். ஆறு உள்ளவரை உறவு நிலைக்க.