நாற்பத்தொரு புட்டிகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் "மீட்டிங் இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். உன் மருந்து ஃபாக்டரிக்கும் என் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். இருந்தும் நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து இரண்டு மாதமாகிறது. இளைத்துவிட்டாய் என்று கம்பவுண்டர் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு.

பெண்கள் வார்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். முழங்கால் வலிக்கு நம் மூட்டுவலி மாத்திரையை ஆறு வாரம் சாப்பிட்டவள். வயிறு முறுக்கி எடுக்கிறது. ஈறில் நீலக்கோடு. நேற்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தேன்; மணிக்கட்டு துவண்டு விழுந்தது. "டாக்டரம்மா, கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று சிரிக்கிறாள்.

அவளுடைய புட்டியை நம் சித்த மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். ஈயம், அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. புது ஆளிடம் மாத்திரைக்கான தாதுப்பொடி வாங்கினாயே, அந்தப் பேட்ச். அவளை இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். நீ அந்த மாத்திரை முழுவதையும் உடனே திரும்ப எடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு கோபத்திலும் சாப்பிடச் சொல்ல உன்னால்தான் முடியும். அம்மாவும் நானும் நலம். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு புட்டியை வைத்து முடிவுக்கு வராதே. அந்தம்மா வேறு எங்கே என்னென்ன சாப்பிட்டாளோ! வெளியே சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வர மூன்று வாரமாகும். அதற்குள் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு வருகிறது. இந்த நேரத்தில் மருந்தைத் திரும்ப எடுத்தால் இருநூறு பிள்ளைகளின் படிப்பு அந்தரத்தில் தொங்கும். பாக்கிங் பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். உன் இலவச வார்டும் இந்த மாத்திரையால்தான் நடக்கிறது. கொஞ்சம் பொறு.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பேட்ச்சை வெளியே விடலாம் என்ற காகிதத்தில் இருப்பது உன் கையெழுத்து. எனக்கு ஒன்று என்றால் உனக்கும்தான் அக்கா.

உன் தம்பி

மார்ச் 15

தம்பி,

தையல்காரம்மா நேற்று மதியம் இறந்துவிட்டாள். வலிப்பு வந்தது, பிறகு நினைவே திரும்பவில்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான்தாம்மா வேளை தவறாம எடுத்துக் குடுத்தேன். ஏதாச்சும் தப்பாக் குடுத்துட்டேனா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கையெழுத்து என்னுடையதுதான். ஜனவரியில் நோயாளிகள் வரிசை வாசல்வரை நின்ற ஒரு காலையில் காகிதக் கட்டோடு வந்தாய். "லாரி நிக்குதுக்கா, போட்டுடேன்" என்றாய். ஆய்வு அறிக்கை எங்கே என்றேன். "பின்னாலயே வருது" என்றாய். வரவில்லை. நானும் அப்புறம் கேட்கவில்லை.

இன்று மருந்து ஆய்வாளரிடம் இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன், என் தவறையும் சேர்த்து. வியாழக்கிழமை ஃபாக்டரிக்கு வருவார். அதற்குள் நீயாகவே மாத்திரையைத் திரும்ப எடுத்துவிடு. ஊர் என்ன பேசினாலும் உன் பக்கத்தில் வந்து நிற்கிறேன். சின்ன வயதில் அடி விழும்போதெல்லாம் நீ என் பின்னால்தானே ஒளிவாய்.

அக்கா

மார்ச் 18

மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களுக்கு,

மேற்படி மாத்திரைகள் தங்கள் ஒப்புதலின் பேரிலேயே வெளியிடப்பட்டன. இதில் நிர்வாகத்துக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை. இன்று முதல் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். அறைச் சாவியையும் நோயாளிகள் பதிவேட்டையும் கம்பவுண்டரிடம் ஒப்படைக்கவும்.

நிர்வாக இயக்குநர்

அம்மாவைப் பார்க்க வருவதானால் தாங்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தில் 'தாங்கள்' என்று இருந்ததை, ஆபீஸில் யாரோ தட்டச்சு செய்தது என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே நீ கையால் எழுதிய வரியிலும் அதுதான் இருந்தது.

என் மருத்துவ உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது சரிதான். ஃபாக்டரிக் குடோனுக்குச் சீல் வைத்ததைத் தெருவிலிருந்து பார்த்தேன். மாடி ஜன்னலில் நீ நின்றாய். கையை ஆட்டலாமா என்று யோசிப்பதற்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டாய்.

சாவி கொடுக்கும் முன் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொண்டேன். கடைகளுக்குப் போனதை ஆய்வாளர் திரும்ப எடுக்கிறார்; நான் எழுதிக் கொடுத்து அந்தப் பேட்ச்சை வாங்கியவர்கள் நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு வீடாகப் போய்ப் புட்டியைத் திரும்ப வாங்குகிறேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதிக்கச் சொல்கிறேன். ஒரு வாத்தியார் கதவைப் பாதி திறந்து, "உங்க அக்கா தம்பி சண்டைக்கு எங்க மருந்தையா பிடுங்குவீங்க?" என்று கேட்டார். மூன்றாவது நாள்தான் கொடுத்தார். அதில் பாதி காலி.

முப்பத்திரண்டு கைக்கு வந்துவிட்டன. மீதி ஒன்பது பேர் வெளியூர்க்காரர்கள், தபாலில் வாங்கியவர்கள்; பதிவேட்டில் பெயர் மட்டும்தான். அவர்கள் முகவரி உன் அனுப்புப் பிரிவில் மட்டும்தான் இருக்கிறது. ஆய்வாளர் கேட்டதற்குத் தேடுகிறோம் என்று சொன்னீர்களாம்.

இன்றைக்கும் அவர்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார்கள் தம்பி. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அந்த முகவரிகளை அனுப்பு.

அக்கா